வறட்சியில் புல்லுக்கு வேர் கொடுக்கும் நுண்ணுயிர்கள்

தண்ணீர் குறையத் தொடங்கியதும் செடி முதலில் நிறுத்துவது இலையை நீட்டும் வேலையை. ஒளிச்சேர்க்கை அதன் பிறகும் சில நாள் ஓடும். பார்ப்பதற்குப் பயிர் பச்சையாகவே இருக்கும். ஆனால் புது இலையின் அடியில் இருக்கும் இளம் செல்கள் தமக்குள்ளே இருக்கும் நீரழுத்தத்தால்தான் விரிய வேண்டும். அந்த அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தாலே விரிவது நின்றுவிடும். நெல்லுக்கோ நிலக்கடலைக்கோ இது உடனே பெரிய இழப்பில்லை. பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் தண்ணீர் கிடைத்துவிட்டால் இடையில் நின்றுபோனதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். தீவனப் பயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே இலையும் தண்டும்தான் விளைச்சல். வாடல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மாட்டின் பங்கு குறையத் தொடங்கிவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் கறவை மாடு வைத்திருந்தவர்களுக்குப் பாலின் விலையைவிட வைக்கோலின் விலைதான் பெரிய கவலையாக இருந்தது. இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் தீவனப் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 விழுக்காடு நிலம்தான். பல பத்தாண்டுகளாக அந்தப் பங்கு கூடவே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கும்போது முதலில் வாழையையும் காய்கறியையும் காப்பாற்றுகிறோம். புல்லுக்கு மிஞ்சினால்தான் உண்டு. நல்ல நீர் வசதியில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பசுந்தீவனம் தரக்கூடிய கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் கிடைக்கும் என்று நம்பித்தான் நடப்படுகிறது. அந்தப் பத்து நாள் இருபது நாளாகும்போது என்ன செய்வது?

வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் 200 கிராம் உயிர் உரப் பொட்டலத்தை இந்தக் கேள்வியோடு யாரும் வாங்குவதில்லை. அசோஸ்பைரில்லம் என்றால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும், யூரியா செலவு குறையும். பாஸ்போபாக்டீரியா என்றால் மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும். பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதும் கூட்டங்களில் சொல்லப்படுவதும் இதுதான். தவறில்லை. கம்பு நேப்பியருக்கு ஹெக்டேருக்கு இரண்டு கிலோ அசோஸ்பைரில்லமும் இரண்டு கிலோ பாஸ்போபாக்டீரியாவும் இட்டால் பரிந்துரைத்த உரத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இருக்கிறது. ஆனால் வறண்ட பகுதியில் புல் வளர்ப்பவருக்கு இந்த நுண்ணுயிர்கள் செய்யும் பெரிய உதவி உரச் சிக்கனம் இல்லை என்றே நான் கருதுகிறேன். அவை வேரை மாற்றுகின்றன. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அசோஸ்பைரில்லத்தின் கதையே மேய்ச்சல் புல்லிலிருந்து தொடங்கியது. திருகுச் சுருள் போன்ற இந்தப் பாக்டீரியாவை 1920களில் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் விவரித்திருந்தார். பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்கு அருகே செரோபெடிகாவில் வேலை பார்த்த ஜோஹன்னா டோபரெய்னர் என்ற மண் நுண்ணுயிரியலாளருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். யாரும் உரமே போடாத வெப்பமண்டலப் புல்வெளிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாக நிற்கின்றனவே, அவற்றுக்குத் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பயறு வகைகளின் வேரில் முடிச்சு இருக்கிறது, புல்லில் அதுவும் இல்லை.

புல்வேரில் இருக்கும் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிர்வாழக் கொஞ்சம் ஆக்சிஜனும் வேண்டும். டோபரெய்னர் கண்ட வழி மிக எளிமையானது. ஊட்டக் கரைசலில் அகார் மிகக் குறைவாகச் சேர்த்து, முழுக்க உறையாமலும் முழுக்க நீராக இல்லாமலும் குழகுழவென்று வைத்தார். மேலே ஆக்சிஜன் அதிகம், ஆழத்தில் சுத்தமாக இல்லை; நடுவில் தனக்கு ஒத்த ஆழத்தைப் பாக்டீரியாவே தேடிப்போய் மெல்லிய வெண்திரையாகப் படர்ந்தது. 1970களில் டிஜிடேரியா என்ற மேய்ச்சல் புல்லின் வேரிலிருந்து இப்படித்தான் அது பிரித்தெடுக்கப்பட்டது. 1978ல் அசோஸ்பைரில்லம் என்ற பேரினப் பெயர் வந்தது.

உலகம் பரபரப்படைந்தது. புல்லும் சோளமும் கம்பும் இனித் தம் தழைச்சத்தைத் தாமே தேடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை எழுந்தது. பிறகு அளந்து பார்த்தபோது, இந்தப் பாக்டீரியா பிடித்துத் தரும் நைட்ரஜன் பயிரின் தேவையில் சிறு பங்குதான் என்று தெரிந்தது. ஆனாலும் பயிர் நன்றாக வளர்ந்தது. அப்படியானால் வேறு ஏதோ நடக்கிறது. 1979ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கம்பு நாற்றுகளில் செய்த ஆய்வு அந்த வேறு எதையோ காட்டியது. அசோஸ்பைரில்லம் வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கிறது. குறிப்பாக இண்டோல் அசிட்டிக் அமிலம். அது பட்ட கம்பு நாற்றில் பக்கவேர்கள் கூடின, வேர்த்தூவிகள் அடர்ந்தன. கம்பு நேப்பியரின் பெற்றோரில் ஒன்று கம்புதான் என்பதால் இந்த ஆய்வு நமக்கு நேரடியாகவே உறவு.

வேர் கூடினால் தண்ணீர் கூடுமா? இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யாக்கோவ் ஓக்கோனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை வயலிலேயே சோதித்தார்கள். குளிர்கால மழை மண்ணில் சேமித்துவைத்த ஈரத்தை நம்பி விளையும் சோளம். ஒரு பகுதிக்கு அசோஸ்பைரில்லம், மறுபகுதிக்கு இல்லை. 1988ல் வெளியான அந்த முடிவுகளை நான் இன்றும் வியப்போடுதான் படிக்கிறேன். பாக்டீரியா பெற்ற சோளம் மண்ணிலிருந்து ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக ஈரத்தை எடுத்திருந்தது. அதுவும் மற்றதைவிட ஆழமான அடுக்கிலிருந்து. அதன் இலைகளில் நீர்நிலை நன்றாக இருந்தது, பயிரின் மேற்பரப்பு வெப்பம் குறைந்திருந்தது. இலைத்துளைகள் மூடாமல் நீராவி வெளியேறினால்தான் பயிர் குளிரும். குளிர்ந்திருந்தது என்றால் உணவு தயாரிப்பும் நிற்கவில்லை என்று பொருள். விளைச்சல் கூடியதற்கு முதற்காரணம் மண்ணின் ஈரத்தை நன்றாகப் பயன்படுத்தியதே என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்டீரியா தண்ணீரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே மண்ணில் இருந்து, வேர் எட்டாததால் வீணாகியிருக்கக்கூடிய ஈரத்தை எட்ட வைத்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போல ஆழத்தில் ஈரம் பிடித்துவைக்கும் மண்ணில் இதற்கு அர்த்தம் உண்டு. ஓர் அடிக்குக் கீழே பாறை தட்டும் செம்மண் சரளைக் காட்டில் வேர் எவ்வளவு பெருகினாலும் அடியில் குடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தொழு உரமும் மழைநீரைத் தேக்கும் வரப்பும்தான் முதல் வேலை. உயிர் உரம் அதற்குப் பின்னால்தான்.

பாக்டீரியா செடியின் வேரைப் பெருக்குகிறது என்றால், வேர் உட்பூசணம் தானே வேராக நீள்கிறது. நம் விவசாயிகள் வேம் என்று சொல்லும் இந்தப் பூசணம் நிலத் தாவரங்களின் மிகப் பழைய கூட்டாளி. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழைய தாவரப் புதைபடிவங்களுக்குள்ளேயே இதன் தடயம் இருக்கிறது. ஒழுங்கான வேர் என்று ஒன்று உருவாகும் முன்பே இந்தக் கூட்டு உருவாகிவிட்டது. இதன் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. மண்துகள்களுக்கு இடையே வேர்த்தூவி நுழைய முடியாத நுண்துளைகளுக்குள் இவை நுழையும். வறட்சியில் கடைசி ஈரம் ஒளிந்திருப்பது அந்த நுண்துளைகளில்தான்.

மண் காயும்போது வேறொரு கேடும் நடக்கிறது. வேர் சுருங்கும், மண்ணும் சுருங்கும், இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விழும். மண்ணில் ஈரம் இருந்தாலும் அது வேரைத் தொடாது. இழைகள் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவை உண்மையிலேயே தண்ணீரைக் கொண்டுவருகின்றனவா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. கலிஃபோர்னியாவில் காட்டு ஓட்ஸ் புல்லை வைத்து ஒரு சோதனை செய்து 2022ல் வெளியிட்டார்கள். வேர் தாண்ட முடியாத வலை, அதற்கப்பால் காற்று இடைவெளி, அதற்கும் அப்பால் அடையாளமிட்ட தண்ணீர். பூசண இழை மட்டுமே கடக்க முடியும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கத்துப் புல்லில் வந்து சேர்ந்தது. புல் வெளியேற்றிய நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைகளின் துணையால் வந்தது என்று கணக்கிட்டார்கள். நெல்லையோ தக்காளியையோ விட்டுவிட்டு ஒரு புல்லை வைத்தே இந்தச் சான்று கிடைத்தது என்பதில் தீவன ஆர்வலனாக எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி வறட்சி முடியும் தருணத்துக்கு வருவோம். தானியப் பயிரில் ஆராய்ச்சியாளர்கள் கேட்பது பயிர் வறட்சியைத் தாங்கியதா என்று. பல ஆண்டுகள் நிற்கும் தீவனப் புல்லில் அதைவிட முக்கியமான கேள்வி, மழை வந்ததும் எத்தனை நாளில் துளிர்த்தது என்பது. இதில் எத்திலீன் என்ற வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் செடி அதை அதிகமாகத் தயாரித்து, வேர் வளர்ச்சியை நிறுத்தி, இலையை முதுமையாக்கி உதிர்க்கத் தொடங்கும். வறட்சி நீண்டால் அது புத்திசாலித்தனம். பத்து நாளில் மழை வந்துவிட்டால் அவசரத்தில் எடுத்த முடிவு.

எத்திலீனாக மாறவேண்டிய மூலப்பொருளை வேரிலிருந்து எடுத்துத் தின்றுவிடும் பாக்டீரியாக்கள் உண்டு. அதற்கான நொதி அவற்றிடம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிளிக் இந்த வழிமுறையை விளக்கியவர். இஸ்ரேலின் தெற்கே, மழை அரிதாகவே பெய்யும் அரவாப் பகுதி மண்ணில் எடுத்த இப்படியொரு பாக்டீரியாவை அவரும் மற்றவர்களும் தக்காளி, மிளகாய் நாற்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004ல் வெளிவந்த அந்த ஆய்வில், தண்ணீர் நிறுத்தியபோது இலையின் நீர் அளவு பாக்டீரியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. மறுபடி தண்ணீர் விட்டபோதுதான் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: பாக்டீரியா பெற்ற நாற்றுகள் வேகமாகத் தேறின. இது தீவனப் பயிரில் செய்த சோதனை இல்லை. ஆனாலும் இப்படித் தேறும் திறன் அதிகம் தேவைப்படும் பயிர் எதுவென்று கேட்டால், அறுத்து அறுத்துத் துளிர்க்க வேண்டிய புல்லைத்தான் சொல்வேன்.

அறுப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் எதுவும் இலவசமாக வேலை செய்வதில்லை. இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு வேர்வழி இறங்கி அவற்றுக்குப் போகிறது. வேர் உட்பூசணத்துக்கு மட்டும் 20 விழுக்காடு வரை போகலாம். புல்லை மண்ணோடு மண்ணாக ஒட்ட அறுத்தால் அந்த வரத்து ஒரே நாளில் நின்றுவிடும். அடித்தண்டிலும் வேரிலும் சேமித்துவைத்ததைக் கொண்டு செடி புதுத் துளிர் விடுமா, கூட்டாளிக்குச் சோறு போடுமா? துளிர்தான் முதலில். நுண்வேர்கள் மடியும், இழைகள் பட்டினி கிடக்கும். தண்ணீர் தாராளமாக இருக்கும் காலத்தில் புல் இதிலிருந்து மீண்டுவிடும். வறண்ட மாதத்தில் தரையோடு அறுப்பது, காசு கொடுத்து வாங்கிப் போட்ட உயிர் உரத்தை நாமே பட்டினி போடுவதற்குச் சமம். ஒரு சாணுக்குக் குறையாமல் அடித்தாள் விட்டு அறுப்பதும், தண்ணீர் இல்லாத மாதத்தில் ஓர் அறுப்பைத் தள்ளிப்போடுவதும் எந்த நுண்ணுயிருக்கும் பெரிய துணை.

தீவனச்சோளத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இளஞ்சோளத்தில் சைனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் இயல்பாகவே இருக்கிறது. வறட்சியில் வளர்ச்சி நின்ற பயிரிலும், அதற்குப் பின் மழையில் வெடுக்கென்று வரும் துளிரிலும் அது கூடுதல். வாடிய சோளக்காட்டில் மாடு புகுந்து மேய்ந்து செத்த கதை மானாவாரி ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உயிர் உரம் இட்டதால் அந்த ஆபத்து நீங்கிவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. பூக்கும் வரை பொறுத்து அறுப்பதே பாதுகாப்பு. நைட்ரேட் சேர்வது வேறு பிரச்சினை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் திடீரென்று தண்ணீர் நின்றால், வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற முடியாமல் பயிர் அடித்தண்டில் தேக்கிக்கொள்ளும். அதைத் தின்ற மாட்டின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். மழை நிச்சயமில்லாத பருவத்தில் யூரியாவைக் கொஞ்சம் குறைத்து, உயிர் உரத்தையும் தொழு உரத்தையும் நம்பும் திட்டம் மாட்டுக்கும் நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

உயிர் உரம் என்பது உயிருள்ள சரக்கு. தமிழ்நாட்டில் கிடைக்கும் பல பொட்டலங்கள் கறுப்பாக இருப்பது பழுப்பு நிலக்கரித் தூளால். நெய்வேலி நிலக்கரி இந்த வேலைக்குப் பொருந்தும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார்கள். ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், திரவமாக இருந்தால் ஒரு மில்லி லிட்டரில் 10 கோடி என்கிறது மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. கடையின் தகரக் கூரைக்கடியில் மே மாதம் முழுக்கக் கிடந்த பொட்டலத்தில் அவ்வளவு இருக்காது. காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும்; நிழலில் வைக்க வேண்டும்; பூச்சிமருந்தோடும் ரசாயன உரத்தோடும் கலக்கக் கூடாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். புல் கரணைகளைக் கரைசலில் நனைத்து நடலாம். மீதியை மக்கிய தொழு உரத்தோடு கலந்து ஈரமண்ணில் இடலாம்.

வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் விதையுறை கெட்டி. 80 டிகிரி சுடுநீரில் சில நிமிடம் போட்டெடுத்தால்தான் நன்றாக முளைக்கும். சுடுநீர் முதலில், ஆறி உலர்ந்த பின்னரே வேர்முடிச்சு கட்டும் ரைசோபியம் பாக்டீரியா. மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் வைத்து இரண்டையும் சேர்த்தறுத்தால் மாட்டுக்குப் புரதமும் கிடைக்கும். ஆனால் பயறு வகைகளில் வேர்முடிச்சு வறட்சிக்கு மிக விரைவில் சோர்ந்துபோகும் உறுப்பு. முடிச்சு கட்டும் முதல் சில வாரங்களுக்காவது ஈரம் இருக்கிற மாதிரி விதைப்பு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிர் வாடிய பிறகு மண்ணில் பாக்டீரியாவைப் போடுவது பெரும்பாலும் வீண். அது வேரோடு சேர்ந்து வளர நேரம் வேண்டும், ஈரமும் வேண்டும். காய்ந்த மண்ணில் அதுவும் சாகும். விதிவிலக்காக இலையில் தெளிக்கும் ஒன்று உண்டு. பிபிஎஃப்எம் என்ற பெயரில் வேளாண் பல்கலைக்கழகம் தரும் இளஞ்சிவப்புப் பாக்டீரியா இலைப்பரப்பிலேயே வாழ்வது; வளரும் இலை வெளிவிடும் மெத்தனாலை உண்டு, பதிலுக்குச் சைட்டோகைனின் போன்ற ஊக்கிகளைத் தருவது. வறட்சி தொடங்கும்போது ஒரு விழுக்காட்டுக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள். வெயில் தணிந்த மாலையில் தெளிப்பதே நல்லது.

எல்லா வயலிலும் பலன் தெரியுமா? ஓக்கோன் இருபதாண்டு கால அசோஸ்பைரில்லம் வயல் சோதனைகளைத் தொகுத்து 1994ல் எழுதியபோது, 60 முதல் 70 விழுக்காடு சோதனைகளில்தான் விளைச்சல் கூடியிருந்தது. கூடிய அளவு 5 முதல் 30 விழுக்காடு. அதாவது மூன்றில் ஒரு தடவை ஒன்றும் நடக்காமல் போகலாம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள் புதிதாய் வந்ததைத் தின்றுவிடலாம். ரகத்துக்கும் பாக்டீரியாவுக்கும் பொருந்தாமல் போகலாம். இதை விவசாயியிடம் வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை. விலை குறைந்த சரக்கு என்பதால் மூன்றில் இரண்டு வாய்ப்பும் ஏற்கத் தக்கதே.

எனக்கு அதிகம் ஆர்வம் தருவது காங்கேயத்தைச் சுற்றிய கொரங்காடுகள். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலங்களில் ஆண்டுக்கு 600 மில்லி மீட்டரை ஒட்டிய மழைதான். இறவை கிடையாது, ஆண்டுதோறும் உழவும் கிடையாது. உழாத மண்ணில் பூசண இழைவலை அறுபடாமல் இருக்கும். கோடை முழுக்கக் கருகிக் கிடந்துவிட்டு ஒரு மழைக்குத் துளிர்க்கும் கொழுக்கட்டைப் புல்லின் வேரில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது தேடத் தகுந்த கேள்வி. அரவாப் பாலையில் தேடியவர்களுக்கு அங்கே கிடைத்தது. காங்கேயத்து வெயிலுக்குப் பழகிய இனங்கள் உள்ளூர்ச் சோளத்துக்கும் கம்பு நேப்பியருக்கும் உதவுமா என்று பார்க்க, பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை; நல்ல நுண்ணுயிரியல் மாணவர்களும் நாலைந்து பருவங்களும் போதும்.

அதுவரை ஒவ்வொருவரும் தம் காட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உயிர் உரம் இடும்போது நடுவில் நாலு வரிசையை இடாமல் விட்டு, இரு முனையிலும் குச்சி நட்டுவையுங்கள். தண்ணீரும் அறுப்பும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றரை மாதம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு தூரை மண்வெட்டியால் ஆழத் தோண்டியெடுத்து மெதுவாக உதறிப் பாருங்கள்: எதில் பக்கவேர் அதிகம், எதில் மண் உதிராமல் வேரைச் சுற்றி உறைபோல ஒட்டியிருக்கிறது என்று. பிறகு ஒரு நீண்ட காய்ச்சலுக்குப் பின் மழை பெய்யும்போது, எந்த வரிசை எத்தனையாவது நாளில் துளிர்த்தது என்று குறித்துவைத்து, அடுத்த அறுப்பில் இரண்டையும் தனித்தனியே எடைபோடுங்கள்.